செபமாலைக்கு உரோமையிலிருந்து வந்த பதில்

எங்கள் கோயிலுக்குப் புதிதாக வந்திருக்கும் இளம் சாமியார் போன மாதம் வீட்டுக்கே வந்துவிட்டார். கோயிலுக்குப் பங்கு மலர் என்று ஒரு ஆண்டு மலர் போடுகிறார்களாம். கோயில் ஆபீசில் அத்தனை காலம் குப்பை கொட்டியவள் என்பதால் நானும் ஏதாவது எழுத வேண்டுமாம்.

"கலகலன்னு இருக்கட்டுங்கக்கா. முன்னெல்லாம் சில பாவத்துக்கு உரோமைக்கே எழுதிப் போட்டு மன்னிப்பு வாங்குவாங்களாமே? இப்ப முக்காவாசிய நாங்களே தீர்த்துடறோம். அந்தக் கதையெல்லாம் எங்க செட்டுக்குத் தெரியாதுங்க" என்றார்.

கலகலப்பு வேண்டுமென்றால் ஷிப்ட் விடுகிற நேரத்தில் பல்லடம் பஸ்ஸில் ஏறி ஜன்னலோர சீட்டுக்கு மல்லுக்கு நிற்கட்டும். என்னிடம் கலகலப்பு கிடையாது. உரோமைக்கு எழுதிய கதை ஒன்று இருக்கிறது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை. அதைத்தான் எழுதப் போகிறேன். போடுவதும் போடாததும் அவர் பாடு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாவசங்கீர்த்தனத்தில், அதாவது பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும்போது, கேட்டதை எந்தச் சாமியாரும் என்னிடம் மூச்சு விட்டதில்லை. நான் எழுதுவதெல்லாம் அந்தப் பெண் தன் வாயால் என்னிடம் சொன்னது, இல்லாவிட்டால் நான் கண்ணால் பார்த்தது. அவளுடைய மகளிடம் கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். "பேர மட்டும் மாத்திருங்க" என்றாள். மாற்றிவிட்டேன்.

நான் முதலில் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவள். ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் பார்த்து அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளுகிற வேலை. ட்யூப் லைட்டுக்கடியில் பார்த்துப் பார்த்துக் கண் எரிந்தது. டைப் படித்திருந்தேன். கோயில் ஆபீசுக்கு ஆள் வேண்டும் என்று பூசையில் அறிவித்தார்கள், போனேன், உட்கார்ந்தேன். ஞானஸ்நானச் சான்று எழுதவும், கல்யாண அறிவிப்பு ஓலை தயார் செய்யவும், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் வேலைக்கு வந்த பிள்ளைகள் கல்யாணம் என்று நிற்கும்போது அவரவர் சொந்த ஊர்ப் பங்குக் கோயிலுக்குக் கடிதம் போட்டு விசாரிக்கவும் சீக்கிரமே பழகிவிட்டது. அதில் சொல்ல ஒன்றும் பெரிதாக இல்லை.

சொல்ல வேண்டியது பெரியசாமியைப் பற்றி. அவர் பங்குத்தந்தையாக வந்த பிறகுதான் எனக்கு இந்த வேலையில் பயம் என்ற ஒன்று வந்தது. நல்ல பயம். அவர் சத்தம் போட்டு நான் பார்த்ததே இல்லை. ஒல்லியான ஆள். டீ குடித்த டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்து வைப்பார். ஞானோபதேச வகுப்புக்கு வரும் வாண்டுகளைக்கூட 'வாங்க, உக்காருங்க' என்பார். ஆனால் கடிதத்தில் ஒரு கமா இடம் மாறினாலும் தாளைத் திருப்பி என் மேஜையில் வைத்துவிட்டு, "இத ஒருக்கா பார்த்துருங்கம்மிணி" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். திட்டினாலாவது திருப்பித் திட்டலாம். இதை என்ன செய்வது?

அவர் உரோமையில் திருச்சபைச் சட்டம் படித்தவர். பாப்பரசருக்குக் கீழே பாவமன்னிப்புக்கென்றே ஓர் அலுவலகம் இருக்கிறது. பாவத்தை யாருக்கும் தெரியாமல் கேட்டு, யாருக்கும் தெரியாமல் தீர்த்து அனுப்புகிற அலுவலகம். பல நூறு வருஷங்களுக்கு முன் அந்த அலுவலகத்து எழுத்தர்கள் எந்தப் பாவத்துக்கு எப்படிப் பதில் எழுத வேண்டும் என்று லத்தீனில் கையால் எழுதி வைத்த தோல் புத்தகம் ஒன்றைத்தான் அவர் ஆராய்ச்சிக்கு எடுத்திருந்தார். அதன் பக்கங்களைப் படம் பிடித்து, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் சுருள் கம்பி போட்டு வைத்திருந்தார். எழுத்தைப் பார்த்தால் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும்.

சாயங்காலம் டீ நேரத்தில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு எனக்குத் தமிழில் சொல்லுவார். சாமியாரை அடித்தவன், மடத்தை விட்டு ஓடிப்போன துறவி, தூக்கத்தில் புரண்டு படுத்துப் பச்சைக் குழந்தையை நசுக்கிவிட்ட தாய். அந்தத் தாயின் பக்கம் வந்தால் விரலை அந்த வரியிலேயே வைத்துக்கொள்வார். "பேரே இல்ல பாருங்கம்மிணி. ஊரும் இல்ல. 'இந்தக் கடிதத்தக் கொண்டு வர்ற பொண்ணு'ன்னு மட்டும் எழுதியிருக்கான். எத்தன மலை தாண்டி நடந்து வந்திருப்பா! உள்ளூர்ச் சாமியார் மன்னிச்சிருந்தாலும் அவளுக்கு மனசு ஆறல. உரோமையில இருந்து ஒரு வார்த்தை வேணும்னு நடந்திருக்கா."

"அந்தக் கடுதாசிய அப்புறம் என்ன பண்ணுவாங்க சாமி?"

"பாவசங்கீர்த்தனம் கேக்கற சாமியார் படிச்சுச் சொல்லிட்டுக் கிழிச்சறோணும். அவ கையில குடுக்கக் கூடாது. நாளைக்கு யாராவது அதை எடுத்து அவளக் கேவலப்படுத்தினா? கிழிக்கறதுலதானுங்க கருணையே இருக்குது. கடனத் தீர்த்தா புரோநோட்டக் கிழிக்கறதில்லீங்களா, அப்படி."

அந்த முறையைத்தான் அவர் எங்கள் கோயிலிலும் வைத்திருந்தார். உரோமைக்குக் கடிதம் போவது எப்போதாவதுதான். கடிதத்தை அவரே கையால் லத்தீனில் எழுதுவார். பேர், ஊர், வேலை எதுவும் இருக்காது. உள் கவரை அவரே ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் குறுக்காகக் கையெழுத்துப் போடுவார். அதை வெளிக் கவரில் வைத்து விலாசம் டைப் அடிப்பது மட்டும் என் வேலை. பதில் வந்தாலும் வெளிக் கவரைத்தான் நான் பிரிக்கலாம். உள்ளே இருப்பதைத் தொடாமல் அவர் மேஜையில் வைத்துவிட வேண்டும். "யாருன்னு கேக்க வேண்டாம். தெரிஞ்சாலும் தெரிஞ்ச மாதிரி இருக்க வேண்டாம்" என்பார்.

பாவசங்கீர்த்தனம் கேட்கிற மரக்கூண்டைத் தொட்டி என்போம். அந்தத் தொட்டியில் அவருக்கும் வருகிறவர்களுக்கும் நடுவே ஒரு திரை. யாரோ கொடுத்த பனியன் துணியைத்தான் தொங்க விட்டிருந்தோம். இழுத்தால் இழுபடுகிற துணி, முகம் நிழலாகத் தெரிந்தது. அவர் என்னைக் கூப்பிட்டு அதை இரண்டாக மடித்துத் தைக்கச் சொன்னார். தைத்தேன். யார் எழுந்து போனாலும் அந்தத் திரையை அவர் விலக்கிப் பார்த்ததில்லை.

இனிச் செபமாலை.

தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரை ஊர்க்காரி. வேலம்பாளையத்தில் ஒரு காலனியில் லைன் வீடு. பனியன் கம்பெனியில் பவர் டேபிள் மிஷினில் டெய்லர். புருஷன் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவன், இங்கே வந்து சாயப்பட்டறையில் சேர்ந்து, தொண்டையில் கட்டி வந்து படுத்துவிட்டான். பிரின்சி என்று ஒரே மகள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருவாள், கடைசி வரிசையில் நிற்பாள், முடிந்ததும் ஓடிவிடுவாள். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்திருந்தது.

ஒரு நாள் நான் ஓலை டைப் அடித்துக்கொண்டிருந்தபோது வந்து வாசலில் நின்றாள். தலையில் எண்ணெய் இல்லை, கண் வீங்கியிருந்தது. புருஷனை அடக்கம் செய்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன.

"உள்ள வா கண்ணு, உக்காரு" என்றேன்.

உட்காரவில்லை. "யக்கா, நன்மைய சாக்கடையில போட்டவள எந்த நரகத்துல போடுவாவ?" என்றாள்.

எனக்கு விரல் அப்படியே நின்றுவிட்டது. வெளியிலிருந்து படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். பூசையில் சாமியார் கொடுக்கும் அப்பத்தை நாங்கள் நன்மை என்போம். அது ஆண்டவருடைய உடல். கீழே ஒரு துகள் விழுந்தாலும் மண்டியிட்டு எடுக்கிறவர்கள் நாங்கள்.

அவள் சொன்னது இது. புருஷனுக்குச் சாகுமுன் ஒரு தடவை நன்மை வாங்க வேண்டும் என்று ஆசை. வீட்டுக்கு வந்து நோயாளிக்குக் கொடுக்கச் சொல்லிச் சாமியாரைக் கேட்டிருக்கலாம். அவள் கேட்கவில்லை. கோயிலில் குடும்ப அட்டை போட்டுச் சந்தா கட்டுகிற உள்ளூர்க்காரர்கள் வீட்டுக்குத்தான் சாமி வருவார், பிழைக்க வந்தவர்கள் வீட்டுக்கு வர மாட்டார் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். அப்படி ஒரு சட்டமே கிடையாது. யாரும் அப்படிச் சொல்லவும் இல்லை. பெரியசாமி காதில் ஒரு வார்த்தை விழுந்திருந்தால் அந்த லைன் வீட்டுக்குச் செருப்பைக்கூடத் தேடாமல் ஓடியிருப்பார். கேட்காமலே போய்விட்டாளே, பாவி மகள்! இன்றைக்கும் எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை.

அவள் பூசையில் கையில் வாங்கிய நன்மையை வாயில் போடாமல் கைக்குட்டையில் பொதிந்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். புருஷன் கும்பிட்டு வாங்கினான். விழுங்க முடியவில்லை. இருமி, சளியும் ரத்தமுமாகக் கிண்ணத்தில் துப்பிவிட்டான். மூச்சுத் திணறியது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆட்டோ, ஆட்டோ என்று கத்தினார்கள். அந்தக் களேபரத்தில் கிண்ணத்தை வாசலில் சாக்கடையில் கொட்டினாள். கொட்டிய பிறகுதான் உள்ளே என்ன இருந்தது என்று உறைத்தது. ஆட்டோவை நிறுத்திவிட்டுச் சாக்கடையில் முழங்கை வரை விட்டுத் துழாவினாளாம். என்ன கிடைக்கும்? அந்த வாரமே அவன் போய்விட்டான்.

"நாந்தான் கொன்னேன் யக்கா. கடவுளத் தூக்கி எறிஞ்சவ புருசன் பொழப்பானா?"

"பைத்தியமாட்டப் பேசாத. பெரியசாமிகிட்டப் போ. அவருக்கு இதெல்லாம் அத்துப்படி" என்று அனுப்பினேன்.

அவர் எனக்கு முன்பே பொதுவாகச் சொல்லிக் கொடுத்திருந்தார். நற்கருணையை, அதாவது நன்மையை, இகழ்ந்து வேண்டுமென்றே எறிந்தால்தான் அது உரோமைக்குப் போகிற குற்றம். தெரியாமல் நடந்ததற்கு அப்படி ஒரு தண்டனையே கிடையாது. அதனால் நான் நிம்மதியாக டைப் அடிக்கப் போய்விட்டேன். அவள் திரும்பி வந்தபோது முகம் முன்னைவிடக் கறுத்திருந்தது.

"மன்னிச்சாச்சுன்னு சொல்லிட்டாவ யக்கா. அபராதம் மூணு அருள்நிறைஞ்ச மரியே செபம்."

"அப்புறம் என்ன?"

"எங்க ஊர்ல அடுத்தவன் வலைய அறுத்தாலே ஊர்க்கூட்டம் போட்டு, கோயில் முன்னால நிக்கவச்சி அபராதம் போடுவாவ. கடவுளச் சாக்கடையில போட்டதுக்கு மூணு அருள்நிறைதானா? சாமி நல்லவிய. எரக்கப்பட்டு விட்டுட்டாவ. மேல இருக்கவன் விடுவானா?"

நானும் சொல்லிப் பார்த்தேன். கேட்டால்தானே! அடுத்த வாரமும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். அதற்கடுத்த வாரமும் அதே பாவம்தான். நன்மை வாங்க மாட்டேன் என்று கோயிலுக்குள்ளேயே வராமல், செருப்பு விடுகிற இடத்தில் வெயிலில் நின்றாள். பிரின்சிக்கு அந்த வருஷம் புதுநன்மை. எங்கள் கோயிலில் பிள்ளை முதன்முதலாக நன்மை வாங்கும்போது தாயும் தகப்பனும் இரண்டு பக்கமும் நின்று கூடவே வாங்குவது வழக்கம். தகப்பன் இல்லை. தாயாவது நிற்க வேண்டுமே என்று அந்தக் குழந்தை ஏங்கிக்கொண்டிருந்தது. செபமாலைக்கும் வேறு நினைப்பே கிடையாது. "எம்பிள்ள பக்கத்துல நிக்கணும் யக்கா. அதுக்கு முன்ன எனக்குத் தீரணும்" என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சிரித்த முகத்தோடு வந்தாள். "யக்கா, சாமி ரோமாபுரிக்கே எழுதுதாவளாம்!"

எழுதவே தேவையில்லாத காரியம் என்று எனக்கே தெரியும், அவருக்குத் தெரியாதா? ஆனால் அந்த வாரம் உள் கவர் என் மேஜைக்கு வந்தது. ஏன் எழுதினார் என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவும் முடியாது. நானாக நினைத்துக்கொண்டது இதுதான். தன் புத்தகத்தில் மலை தாண்டி நடந்து வந்தாளே ஒருத்தி, அவளை இவர் எங்கள் கோயில் வாசலில் பார்த்துவிட்டார். உள்ளூர் வார்த்தையில் ஆறாத மனசு உரோமை வார்த்தையில் ஆறட்டும் என்று நினைத்திருப்பார். இரக்கம்தான். ஆனால் உரோமைக்கு எழுதுகிறேன் என்று அவர் சொன்ன அன்றைக்கே, தன் பாவம் உரோமை வரைக்கும் போகிற பாவம் என்று அவள் மனசில் முத்திரை விழுந்துவிட்டதே! அதை அவர் யோசிக்கவில்லை. நானும் அப்போது யோசிக்கவில்லை.

காத்திருந்த நாட்களில் அவள் வேறு ஆளாகவே மாறிப்போனாள். தலை வாரினாள், பிரின்சிக்கு வெள்ளை கவுன் தைக்கக் கட்டிங் மாஸ்டரிடம் சொல்லித் துணி வாங்கினாள். "பாப்பரசர் கடுதாசின்னா எப்படி யக்கா இருக்கும்? அந்த எக்ஸ்போர்ட் மொதலாளி ஊட்டுச் செவுத்துல கண்ணாடி போட்டு மாட்டியிருக்காவளே, கல்யாணத்துக்கு ரோமாபுரியில இருந்து ஆசீர்வாதம் வந்தது, அது மாதிரியா?" என்று கேட்டாள். 'ஊட்டு' என்று எங்கள் பேச்சு அவள் நாக்கில் ஏறியிருந்ததைக் கேட்டு நான் சிரித்தேன். அவளோடு நான் சிரித்தது அதுதான் கடைசி.

புதுநன்மைக்குச் சரியாக முந்தின வாரம் பதில் வந்தது. வெளிக் கவரைப் பிரித்து, உள் கவரை அவர் மேஜையில் வைத்தேன். அவர் அதை இரண்டு கையாலும் எடுத்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன் செபமாலை தொட்டிக்குப் போனாள். நான் பூச்சாடிகளை ஒழுங்கு செய்கிற சாக்கில் கோயிலுக்குள்ளேயே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் எழுந்து வந்தாள். என்னைத் தாண்டி, வாசலைத் தாண்டி, செருப்புகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துவிட்டாள். பின்னாலேயே ஓடினேன்.

"என்னாச்சு கண்ணு?"

"கிழிச்சிட்டாவ யக்கா."

நடந்தது இதுதான். அவர் லத்தீனில் படித்திருக்கிறார். தமிழில், உனக்குத் தண்டனை எதுவும் இல்லை, எல்லாம் மன்னித்தாயிற்று, சமாதானமாகப் போ என்று சொல்லியிருக்கிறார். அப்புறம், அந்தப் பனியன் துணித் திரையை, யாருக்காகவும் விலக்காத திரையை, ஒரு பக்கம் ஒதுக்கி, அவள் கண்ணெதிரே கடிதத்தை இரண்டாக, நாலாக, சுக்கலாகக் கிழித்துக் காட்டியிருக்கிறார். தீர்ந்துவிட்டது, இனி ஒன்றும் பாக்கியில்லை என்று அவளுக்குக் கண்ணால் காட்டுகிறாராம்.

அவள் பார்த்தது வேறு. அவள் வேலை செய்த கம்பெனியில் ஒருத்தியை வேலையை விட்டு நிறுத்தினால், சூப்பர்வைசர் அவளுடைய கார்டை லைன் முழுக்கப் பார்க்க, அவள் முகத்துக்கு நேரே கிழித்துப் போடுவான். கிழித்தால் கதை முடிந்தது, கேட்டுக்கு வெளியே போக வேண்டியதுதான். திருப்பூரில் தையல் மிஷினில் உட்கார்ந்த எந்தப் பெண்ணுக்கும் அது தெரியும். செக்கிங்கில் நானும் பார்த்திருக்கிறேன். பெரியசாமி குருமடத்திலிருந்து உரோமைக்குப் போனவர். அவர் எந்தக் கம்பெனி லைனில் நின்றார்?

"நல்ல சேதியா இருந்தா கிழிப்பாவளா யக்கா? கண்ணாடி போட்டுல்ல குடுப்பாவ! வாயால மன்னிச்சாச்சுன்னு சொல்லுதாவ. அது சாமி மனசு. கடுதாசில என்ன இருந்திச்சோ, எனக்குத் தெரியக் கூடாதுன்னு கிழிச்சிட்டாவ."

"அட கூறு கெட்டவளே! அது முறை. கிழிக்கோணும்னு சட்டம். உனக்கு நல்லதுக்குத்தான்."

"நீங்க அதப் படிச்சியளா?"

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. கோயில் வாசல் அது. "படிக்கல" என்றேன்.

"பொறவு?" என்றாள். அந்தக் கடிதத்தைப் படித்தவர் இங்கே ஒருத்தர்தான். அவர் வாயைத்தான் அவள் நம்பவில்லை.

"இன்னொருக்காப் போய் அவர்கிட்டயே கேளு, போ" என்று கையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. "தீர்ப்பு வந்த பொறவு மறுபடி போயி நிக்கது மரியாதையா யக்கா?" என்றாள். அதற்குப் பிறகு அவள் அந்தத் தொட்டிப் பக்கமே போகவில்லை.

மறுநாள் காலையில் நான் ஆபீசுக்குள் நுழைந்ததும், "சாமி, அந்தச் செபமாலை..." என்று ஆரம்பித்தேன். அவர் கையைத் தூக்கிவிட்டார். "அம்மிணி, வேண்டாமுங்க" என்றார். சொல்லக் கூடாது, கேட்கக் கூடாது. பாவசங்கீர்த்தனத்தில் தெரிந்ததை வைத்து வெளியே ஒரு சின்ன அசைவுகூடக் காட்டக் கூடாது. அவளாக வந்து மறுபடி பேச்செடுத்தால் ஒழிய, தெருவில் பார்த்தால்கூட 'ஏம்மா நன்மை வாங்கல' என்று அவர் கேட்க முடியாது. உயிரே போனாலும் முடியாது.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. "பொதுவா கேக்கறேனுங்க சாமி. ஒரு கடுதாசியக் கிழிச்ச பொறவு, அதே மாதிரி இன்னொண்ணு எழுதி வாங்க முடியுமுங்களா?"

ஜன்னல் வழியாகச் செருப்பு விடுகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பொதுவாச் சொல்றேனுங்க. முடியும். ஆனா கேக்கறவங்க வரோணும். வந்தாத்தானுங்க முடியும்" என்றார்.

அதிலிருந்து பாவசங்கீர்த்தன நேரத்தைக் கூட்டிவிட்டார். சனிக்கிழமை சாயங்காலம், ஞாயிற்றுக்கிழமை விடியலில், வார நாளில் ஷிப்ட் விடுகிற நேரத்தில். யாரும் வராவிட்டாலும் அந்தத் தொட்டியில் உட்கார்ந்திருப்பார். "ஏஞ்சாமி இப்படி உடம்பக் கெடுத்துக்கறீங்க?" என்று பங்குக்காரர்கள் கேட்டார்கள். சிரித்து மழுப்பினார். யாருக்காக உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. நான் மட்டும் வாரா வாரம் செபமாலையிடம் போய்க் கெஞ்சுவேன். அவள் என் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாள்.

புதுநன்மை அன்றைக்குப் பிரின்சி வெள்ளை கவுனில் தனியாக நடந்து வந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை, ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெரியசாமி குழந்தைக்கு நன்மை கொடுத்துவிட்டு நிமிர்ந்தார். தாய் நிற்க வேண்டிய இடத்தில் நான் நிற்பதைப் பார்த்தார். எனக்கும் நன்மை கொடுத்துவிட்டு அடுத்த பிள்ளைக்கு நகர்ந்தார். திறந்த கதவு வழியாகச் செபமாலை தெரிந்தாள். மகளைப் பார்த்துப் பார்த்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

பெரியசாமிக்கு மாற்றல் வந்தபோது பெட்டி கட்ட உதவினேன். குப்பையோடு அந்தச் சுருள் கம்பிப் புத்தகம் கிடந்தது. "சாமி, இது தெரியாம வந்துருச்சுங்க" என்று எடுத்துக் கொடுத்தேன். வாங்கவில்லை. "போதுங்கம்மிணி" என்றார். ஒரு மனுஷன் வாழ்நாள் முழுக்கப் படித்ததை அப்படிப் போதும் என்று சொல்லி நான் கேட்டதில்லை. பிறகு அவர் பக்கவாதம் வந்து, முதிய குருக்கள் இல்லத்தில் பேச்சில்லாமல் கிடந்து இறந்து போனார். அந்தக் கடிதத்தைப் படித்த வாயும் அத்தோடு மூடிப்போயிற்று.

போன வருஷம் பிரின்சி போன் செய்தாள். இப்போது அவளும் ஒரு கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் தைக்கிறாள். "அம்மாவ ஜிஎச்சுல சேர்த்திருக்குதுங்கக்கா. டாக்டர் கைய விரிச்சுட்டாருங்க. சாமியாரக் கூட்டிட்டு வர்றீங்களா?"

நான் அப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். அந்த நேரம் இருந்த உதவிப் பங்குத்தந்தையைக் கூட்டிக்கொண்டு போனேன். பொம்பளைகள் வார்டில் கடைசிக் கட்டிலில் எலும்பும் தோலுமாகக் கிடந்தாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. சாமியார் குனிந்து, பாவசங்கீர்த்தனம் பண்ணுகிறீர்களா என்று கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினாள். அவர் அவள் தலைமேல் கை வைத்துப் பொதுவாக மன்னிப்பு ஜெபம் சொன்னார், எண்ணெய் பூசினார். பிறகு சின்ன டப்பாவைத் திறந்து நன்மையை எடுத்து அவள் வாயருகே கொண்டுபோனார்.

செபமாலை உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். கண்ணில் மட்டும் ஆசை. அப்படிப் பசித்த கண்ணை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

"வாங்கிக்குங்கம்மா" என்றார் சாமியார்.

"எனக்கு உத்தரவு வரலையே சாமி" என்றாள். குரல் காற்றாகத்தான் வந்தது.

"என்ன உத்தரவு?" என்று அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு, "வந்துச்சு செபமாலை. சத்தியமா வந்துச்சு. உங்கண்ணு முன்னாலதான் வந்துச்சு" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அவள் என்னைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரித்தாள். என் மேல் அவளுக்கு அத்தனை இரக்கம்.

கையில் எடுத்த நன்மையோடு சாமியாருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பக்கத்தில் நின்ற பிரின்சியிடம், "நீங்களாவது அம்மாவுக்காக வாங்கிக்குங்க" என்று நீட்டினார். செபமாலை முகம் ஒரு நொடி மலர்ந்தது. எழுந்திருக்க முடியாதவள் கழுத்தைத் திருப்பி மகளையே பார்த்தாள். அவள் தனக்கென்று கேட்டது எதுவும் கிடைக்கவில்லை. செருப்பு விடுகிற இடத்தில் நின்று மகள் வாங்குவதைப் பார்ப்பது ஒன்றுதான் இத்தனை வருஷமும் அவளுக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது.

பிரின்சி ஓர் அடி பின்னால் போனாள்.

"எங்கம்மாவுக்கு இல்லாதது எனக்கு வேண்டாமுங்க" என்றாள்.

மெதுவாகத்தான் சொன்னாள். ஆண்டவரே, இவள் காதில் விழக் கூடாது என்று வேண்டிக்கொண்டே செபமாலை பக்கம் திரும்பினேன். விழுந்துவிட்டிருந்தது.